இந்திரலால் ராய்: பத்தொன்பது வயதில் பிரான்ஸ் வானில் விழுந்த நம் விமானி

#1 தேன்மொழி_ச

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூலை 22 இந்திரலால் ராயின் நினைவு நாள். நான் படித்த சரித்திரப் புத்தகங்களில் அவர் பெயர் ஒரு வரியில்கூட வந்ததாக நினைவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் சேர்த்துக்கொண்டே போங்கள்.

1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா பியரா லால் ராய், பாரிஸ்டர். பூர்வீகம் இன்றைய வங்கதேசத்தின் பாரிசால் பக்கம். அம்மா லலிதா. அம்மாவைப் பெற்றவர் சூர்ஜோ குமார் குடீவ் சக்கரவர்த்தி, மேலை மருத்துவம் படித்துத் தேறிய முதல் தலைமுறை இந்திய டாக்டர்களில் ஒருவர். பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனில் குடியிருந்த குடும்பம். இந்திரலாலை வீட்டில் ‘லாடி’ என்று கூப்பிடுவார்களாம். ஹாமர்ஸ்மித்தில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன் அவர். அப்போதுதான் முதல் உலகப் போர் மூண்டது.

பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கோரில் சேர மனுப் போட்டார். பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவர் தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் லண்டனின் பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். அந்த டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார், முதல் முடிவு ரத்தானது. 1917 ஜூலை 5 அன்று செகண்ட் லெஃப்டினன்ட். அக்டோபர் 30 அன்று 56வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைக்குழுவில் சேர்ந்தார். டிசம்பர் 6 அன்று எஸ்.இ.5ஏ விமானத்தை இறக்கும்போது விபத்து. பத்தொன்பது வயது முடிந்து நான்கே நாள் ஆகியிருந்தது.

காயம் ஆறிய பிறகும் பறக்கத் தகுதியில்லை என்றுதான் சொன்னார்கள். விமானத்தில் ஏற்றவில்லை, தளவாட அதிகாரி வேலை கொடுத்தார்கள். விடாமல் போராடி, மறுபடி தேர்வாகி, 1918 ஜூன் 19 அன்று 40வது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று பிரான்சின் கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மானியரின் ஃபாக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். மொத்தம் பறந்தது 170 மணி 15 நிமிடம். பக்கத்து ஊரான எஸ்தவேலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

ஐந்து விமானங்களை வீழ்த்தினாலே ‘ஏஸ்’ என்பார்கள். அந்தப் போரில் அப்படி அழைக்கப்பட்ட ஒரே இந்தியர் இவர்தான்.

இவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தப் பத்து வெற்றிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு மனதில் தங்குவது அதற்கு முந்தைய ஆறு மாதம். ‘நீ இனி பறக்க முடியாது’ என்று சொல்லப்பட்ட பையன் அந்த நாட்களில் உட்கார்ந்து விமானப் படங்களாக வரைந்து தள்ளியிருக்கிறான். அவற்றில் பல இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன.

---

#2 பழைய_ஃபிட்டர்

தேன்மொழியம்மா, நல்ல காரியம் செய்தீர்கள். நான் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். விமானியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் உட்கார்ந்திருந்த இயந்திரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான் அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்பது புரியும்.

எஸ்.இ.5ஏ நல்ல விமானம், அந்தக் காலத்துக்கு மிக நல்ல விமானம். ஒற்றை இருக்கை, 200 குதிரைசக்தி, தண்ணீரால் குளிரும் என்ஜின். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடம்பு. மேலே மூடி கிடையாது. பதினைந்தாயிரம் அடிக்கு மேலே ஏறி, ஆக்சிஜன் இல்லாமல், அந்தக் குளிரில் மணிக்கணக்காகச் சுற்றுவார்கள். முகத்தில் திமிங்கல எண்ணெய்க் கொழுப்பைத் தடவிக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் தோல் உறைந்து செத்துப்போகும்.

துப்பாக்கி இரண்டு. முன்னால் ஒரு விக்கர்ஸ், அது சுழலும் விசிறிக்கு நடுவே சுடும். இன்னொன்று லூயிஸ், மேல் இறக்கையின் தலைமேல் பொருத்தியிருக்கும், விசிறிக்கு மேலாகச் சுடும். இந்த லூயிஸ்தான் பிராணனை வாங்கும். வட்டமான டிரம்மில் 97 ரவுண்டு. தீர்ந்துபோனால் வளைந்த தண்டவாளத்தின் வழியே துப்பாக்கியைக் கீழே இழுத்து, காலி டிரம்மைக் கழற்றி, புது டிரம்மை மாட்டி, திரும்ப மேலே தள்ள வேண்டும். இரண்டு கையும் அங்கே போய்விடும். ஓட்டுகிற தண்டை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார்கள். எதிர்க்காற்று அந்த டிரம்மைக் கையிலிருந்து பிடுங்கும். பின்னால் எவன் வருகிறான் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பாராசூட் கிடையாது. ஜெர்மானியர்களுக்கு அந்த 1918இல் பாராசூட் வரத் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் பக்கத்தில் போர் விமானிகளுக்குக் கடைசி வரை கொடுக்கவில்லை. விமானம் தீப்பிடித்தால் வெந்து சாவதா, குதித்துச் சாவதா என்பது மட்டும்தான் அவனிடம் விட்ட முடிவு. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

கண் விஷயம் சொன்னீர்களே, அது சாதாரண விஷயமில்லை. அப்போது ராடார் ஏது? வானத்தில் கடுகளவு புள்ளியை யார் முதலில் பார்க்கிறானோ அவன் பிழைப்பான். பார்வை போதாது என்று ஒதுக்கப்பட்டவன் ஒரே நாளில் மூன்று விமானங்களைக் கண்டுபிடித்து வீழ்த்தினான் என்றால், அந்த முதல் பரிசோதனையைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

#3 கார்முகில்

இருவருக்கும் நன்றி. மரியாதையோடுதான் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வரலாறு முதுகலை மாணவன்.

இவர் சண்டை போட்டது யாருக்காக? நம்மை அடிமையாக வைத்திருந்தவர்களுக்காக. அவர் செத்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 1919 ஏப்ரல் 13இல் அதே பேரரசின் துப்பாக்கிகள் ஜாலியன்வாலா பாகில் நம் ஜனங்களைச் சுட்டன. 1918இல் நம் விடுதலைப் போராட்டக்காரர்கள் எத்தனை பேர் சிறையில் கிடந்தார்கள்! வ.உ.சி. செக்கிழுத்து, உடம்பு கெட்டு, கப்பல் கம்பெனியை இழந்து வெளியே வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. ‘நம் விமானி’ என்று தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள். நம் என்ற சொல் இங்கே பொருந்துமா?

இளம் வயதில் இறந்தவருக்காக வருத்தப்படுவது வேறு, கொண்டாடுவது வேறு என்று நினைக்கிறேன்.

---

#4 சாம்பல்நாரை

தம்பி கார்முகில், நல்ல கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு இந்த இழை நகர்ந்தால் அது நேர்மையாக இருக்காது. ஆனால் 2020களிலிருந்து பார்க்காமல் 1918 ஜூலையில் நின்று ஒருமுறை பாருங்கள்.

அந்த ஜூலையில் காந்தி என்ன செய்துகொண்டிருந்தார்? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பட்டாளத்தில் சேருங்கள் என்று ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். வரி கொடாப் போராட்டத்தில் அவர் பின்னால் நின்ற அதே விவசாயிகள் இதற்கு முகம் கொடுக்கவில்லை. அவர் அலைந்து அலைந்து உடம்பு படுத்துப் படுக்கையில் விழுந்ததுதான் மிச்சம். பேரரசுக்குத் தோள் கொடுத்தால் சுயாட்சி கிடைக்கும் என்பது அன்றைக்குப் பெரிய பெரிய தலைவர்களின் கணக்கு. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு பொறுப்பாட்சி தருவதாகப் பார்லிமென்டில் அறிவித்திருந்தார். மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு அறிக்கை வெளியானதும் இதே 1918 ஜூலையில்தான். ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாவும் பின்னால் வந்தவை. நமக்கு முடிவு தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. அதுவரை பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்தியன் எவ்வளவு தகுதி பெற்றாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஆணையிடும் அரச கமிஷன் பெற முடியாது, மருத்துவப் பிரிவு தவிர. 1917இல்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த ஆண்டில் ராயல் ஃப்ளையிங் கோரில் விமானிகளாக நுழைந்தவர்களாக நால்வர் பெயரைச் சொல்வார்கள். இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக், ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், எர்ரல் சுவோ சந்தர் சென்.

மாலிக் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த சீக்கியர். முதலில் இவரை எடுத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு செஞ்சிலுவையில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போய்விட்டார். பிரெஞ்சுக்காரன் விமானப்படையில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறான், சொந்தப் பேரரசுக்காரன் மாட்டேன் என்கிறானா என்று அவருடைய கல்லூரி ஆசிரியர் மேலிடத்துக்கு எழுதிய பிறகே கதவு திறந்தது. தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்று அதன்மேல் மாட்டப் பெரிய ஹெல்மெட் செய்துகொண்டார். சென் 1917 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டுப் போர்க்கைதியானார். வெலிங்கர் 1918 ஜூன் 30 அன்று காயத்தால் இறந்தார். நான்கு பேரில் இருவர் திரும்பவில்லை.

‘உன்னால் முடியாது’ என்று சொன்ன ஆட்சியின் முகத்துக்கு நேரே முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள். அந்த அளவில் எனக்கு ‘நம்’ என்ற சொல்லில் தயக்கமில்லை.

---

#5 கார்முகில்

சாம்பல்நாரை ஐயா, காந்தி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அரச கமிஷன் விஷயமும் சரிதான்.

ஆனால் எனக்குள் இன்னொன்று உறுத்துகிறது. லண்டனில் படித்த பாரிஸ்டர் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, நினைவு நாள் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சில ஊர்களில் அந்தப் போருக்கான பளிங்குக் கற்கள் சுவரில் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான். ஒரு பெயர் இருக்காது. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் கடல் கடந்து போனார்கள், எழுபதாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையினர் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) ஆற்றுக்குப் பாலம் கட்டிக்கொண்டே செத்தார்கள். அவர்களுக்கு யார் இழை தொடங்குவது?

---

#6 பழைய_ஃபிட்டர்

தம்பி, நீயே தொடங்கு. நான் முதல் ஆளாக வந்து எழுதுகிறேன். உன் ஊர்க் கல்லில் எண்ணிக்கை மட்டும் இருந்தால், பெயரைத் தேடு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயர், ரெஜிமென்ட், இறந்த தேதி, பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். இணையத்திலேயே தேடலாம். எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் அப்படித் தேடித்தான் தன் ஊர்க்காரர்களைக் கண்டுபிடித்தார்.

ஆனால் ஒருவனை நினைப்பதால் மற்றவனை மறப்பதாக ஆகாது. ராய்க்குப் பெயர் கிடைத்தது அவன் குற்றமில்லை.

இப்போது வேறு ஒரு விஷயம். இவனைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுகிறது. ‘இவன் விழுந்த இடத்தில் எதிரி விமானி ‘செம்பிரபு’ ரிக்ட்ஹோஃபன் பறந்து வந்து மலர்வளையம் போட்டான்’ என்று. எனக்கே மூன்று குழுக்களில் வந்துவிட்டது. தயவுசெய்து யாரும் பரப்பாதீர்கள். ரிக்ட்ஹோஃபன் 1918 ஏப்ரல் 21 அன்றே செத்துவிட்டான். ராய் விழுந்தது ஜூலை 22. மூன்று மாதம் முன்னால் மண்ணுக்குள் போனவன் எப்படி வந்து பூப்போடுவான்? ராயின் வீரத்துக்குப் பொய்யான மாலை தேவையில்லை. ஒரு பொய் கலந்தால் கேட்கிறவன் மொத்தத்தையும் பொய் என்று தள்ளிவிடுவான்.

டிசம்பர் விபத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. மயங்கிக் கிடந்தவனைச் செத்துவிட்டான் என்று பிணவறையில் போட்டுவிட்டார்கள், விழித்துக்கொண்டு கதவைத் தட்டினான், காவல்காரன் பயந்து உடனே திறக்கவில்லை என்பார்கள். இது பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிற கதை. விபத்தும் ஆஸ்பத்திரியும் நடந்தவை. பிணவறைப் பகுதியைச் செவிவழிக் கதை என்ற அளவில் வைத்துக்கொள்வதே நியாயம்.

---

#7 தேன்மொழி_ச

பழைய ஃபிட்டர் ஐயா, மலர்வளையக் கதையை நீங்களே சொன்னது நல்லது. எனக்கும் அது வந்தது.

தேதிகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள: ஜூலை 6 அன்று ட்ரோகூர் மேலே முதல் வெற்றி, ஹானோவர் ரக விமானம். ஜூலை 8 அன்று நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13 அன்று இரண்டு. 15 அன்று இரண்டு, இரண்டுமே ஃபாக்கர் டி7. 18 அன்று ஒன்று. 19 அன்று காஞிகூர் மேலே கடைசி ஹானோவர். கூட்டினால் பத்து. பதக்கக் குறிப்பில் பதின்மூன்று நாளில் ஒன்பது விமானங்கள் என்று இருக்கிறது. சில கட்டுரைகளில் ஒன்பது, சிலவற்றில் பத்து என்று வருவதற்கு அதுதான் காரணம்.

பதக்கம் டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ். அந்தப் பதக்கத்தையே 1918 ஜூன் மாதம்தான் ஏற்படுத்தியிருந்தார்கள். செப்டம்பர் 21 அன்று ராய்க்கு அறிவித்தார்கள், அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து. அதைப் பெற்ற முதல் இந்தியர். ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற பெயரும் அந்த ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. அதனால் சேர்ந்தது ஃப்ளையிங் கோரில், இறந்தது ஏர் ஃபோர்ஸில்.

---

#8 பழைய_ஃபிட்டர்

ஃபாக்கர் டி7 என்று சொன்னீர்கள், அதற்கு ஒரு வரி எழுதாமல் இருக்க முடியவில்லை. போர் முடிந்து ஜெர்மனியோடு போட்ட சண்டை நிறுத்த உடன்படிக்கையில், ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் இந்த ரகத்தை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டார்கள். அவ்வளவு பயம் அதன்மேல். அதில் இரண்டை ஒரே நாளில் வீழ்த்தியவன், ஒரு வாரத்தில் அதே ரகத்திடம் விழுந்தான். யாஸ்டா 29 என்ற ஜெர்மன் பிரிவோடு நடந்த சண்டை அது. இவன் பக்கம் மூன்று எஸ்.இ.5ஏ.

அந்த மாதமே அப்படி. ராயின் பழைய ஸ்குவாட்ரனில் பெயர் பெற்ற மெக்கடன், ஜூலை 9. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் கடைசிப் பிள்ளை க்வென்டின், ஜூலை 14, வயது இருபது. ராய், ஜூலை 22. முன்பு 40வது ஸ்குவாட்ரனில் இருந்த மானக், ஜூலை 26. ராய்க்குச் சண்டை சொல்லிக்கொடுத்த ஃப்ளைட் கமாண்டர் மெக்எல்ராய், ஜூலை 31. சொல்லிக்கொடுத்தவன் தன் சிஷ்யன் போய் ஒன்பதாம் நாள் போனான். பேரனுபவசாலிகளே வரிசையாக விழுந்த மாதத்தில் ஒரு மாதப் பழக்கமுள்ள பையன் இரண்டு வாரம் தாக்குப்பிடித்ததோடு இல்லாமல் பத்து எடுத்தான்.

---

#9 மங்கையர்க்கரசி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருவரும் அம்மாவைப் பற்றி எழுதவில்லையே என்று தோன்றியது, எழுதுகிறேன்.

லலிதா ராய் சாதாரணப் பெண்மணி இல்லை. 1911 ஜூன் 17 அன்று லண்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பெரும் ஊர்வலம் நடந்தது. நாற்பதாயிரம் பெண்கள் என்பார்கள். அதில் இந்தியப் பெண்களின் அணியைச் சேர்த்து நடத்தியவர்களில் இவர் முக்கியமானவர். சேலை கட்டிக்கொண்டு பதாகையோடு நிற்கிற அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது, பார்த்தால் கண்ணெடுக்க மனம் வராது. போர் வந்ததும் இந்தியச் சிப்பாய்களின் நலனுக்காக நிதி திரட்டி அலைந்தார். பெரிய மகன் பரேஷ் லாலும் போர்முனைக்குப் போனவர். அவர் திரும்பி வந்தார், பின்னாளில் இந்தியாவில் குத்துச்சண்டையை வளர்த்தவர் என்று பெயரெடுத்தார். சின்னவன் வரவில்லை.

1918 பிப்ரவரியில்தான் பிரிட்டனில் முப்பது வயதான பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் தான் தெருவில் இறங்கிக் கேட்டது கொஞ்சம் கைகூடிய அதே வருஷத்தில் அந்தத் தாய்க்கு இந்தத் தந்தி.

கார்முகில் தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது. பேரரசிடம் உரிமை கேட்டு ஊர்வலம் போனவளும் அதே பேரரசின் படைக்குப் பிள்ளையைக் கொடுத்தவளும் ஒரே பெண். இரண்டும் அவளுக்கு முரணாகத் தெரியவில்லை. எங்களுக்கும் சம பங்கு உண்டு, பாரத்திலும் உண்டு, மரியாதையிலும் உண்டு என்று சொன்ன வீடு அது. அந்தப் பையன் மோட்டார் சைக்கிளை விற்று டாக்டரிடம் போன பிடிவாதம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கும் சேனையில் ஒரு பிள்ளை இருக்கிறான். வீரம், பெருமை எல்லாம் பிறகு. பத்தொன்பது வயது என்றால் இன்னும் அம்மா தட்டில் போட்டால் சாப்பிடுகிற வயது.

---

#10 கார்முகில்

மங்கை அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. லலிதா ராயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவரைப் பற்றித் தனியாகப் படிக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஹானோவர் என்று நீங்கள் எழுதிய விமானத்தில் இரண்டு பேர் போவார்கள், ஓட்டுபவர் ஒருவர், பின்னால் துப்பாக்கியோடு ஒருவர். பிரிட்டிஷ் கணக்கில் கட்டுப்பாடிழந்து கீழே போனதையும் வெற்றியாகச் சேர்த்தார்கள். அதனால் பத்து வெற்றி என்றால் பத்தும் மரணம் ஆகாது. இருந்தாலும் சில வீடுகளுக்குத் தந்தி போயிருக்கும். அந்தப் பையன்களுக்கும் இருபதுதான் இருந்திருக்கும். ராயை நினைக்கும்போது அவர்களையும் சேர்த்து நினைப்பதாக இருந்தால் எனக்கு இந்த நினைவு நாளில் முழு மனதோடு கலந்துகொள்ள முடியும்.

---

#11 பழைய_ஃபிட்டர்

அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை தம்பி. நானிருந்த இடத்தில் எதிராளி விமானியைக் கேவலமாகப் பேசிய விமானி ஒருவனை நான் பார்த்ததில்லை. மெஸ்ஸில் உட்கார்ந்து பேசும்போதுகூட அவன் எப்படித் திருப்பினான், எந்த உயரத்தில் வந்தான் என்றுதான் பேசுவார்கள்.

---

#12 பவானிப்பூர்_தமிழன்

கல்கத்தாவில் வேலை பார்க்கிறேன். இங்கே பவானிப்பூரில் இந்திரா ராய் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. இவர் பெயர்தான். ஆனால் பெயர்ப்பலகையில் ‘இந்திரா’ என்று பார்த்துவிட்டு யாரோ பெண்மணி என்று நினைக்கிறவர்களே அதிகம். நானும் ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன், பல வருடம் அந்தத் தெரு வழியாகவே வந்து போகிறவர், அவருக்கும் தெரியவில்லை. சொன்னதும் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டியிருக்கிறார்.

தபால் துறை 1998 டிசம்பரில் நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிட்டது. 2019இல் முதல் உலகப் போர் இந்தியர்களுக்கு என்று வெளியிட்ட வரிசையிலும் இந்த நான்கு விமானிகளும் இருக்கிறார்கள்.

எஸ்தவேல் கல்லறையில் வங்காள எழுத்தில் வாசகம் இருக்கிறது. ‘மகாவீரனின் சமாதி. மரியாதை காட்டு, தொடாதே’ என்பது அதன் பொருள். வங்காளி நண்பரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த வரியைச் சொல்லும்போது கட்டளை போடுகிற தொனி வருகிறது, கெஞ்சல் இல்லை. பிரான்சின் மூலையில் ஒரு கிராமத்தில், அக்கம்பக்கத்தில் ஒருவரும் படிக்க முடியாத எழுத்தில் அதைப் பொறித்து வைத்த குடும்பத்தின் மனதை நினைத்துப் பாருங்கள்.

---

#13 சாம்பல்நாரை

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் பதிவு செய்துவிடலாம். அடுத்த உலகப் போரில் ராயல் ஏர் ஃபோர்ஸின் சில ஸ்குவாட்ரன்களுக்கு ‘மதராஸ் பிரெசிடென்சி’ என்றே பெயர். 79, 234, 264 ஆகிய மூன்றும் அப்படித்தான். சென்னை மாகாணத்தில் திரண்ட நன்கொடைக்காக வைத்த பெயர். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று பிறந்தது, ராய் இறந்து பதினான்கு வருடம் கழித்து. இவர் காலத்தில் இந்தியாவுக்கென்று சொந்தமாக ஒரு விமானப்படையே கிடையாது.

---

#14 லில்_வாசி

வட பிரான்சில் லில் நகரத்தில் இருக்கிறேன். இத்தனை பக்கத்தில் இருந்தும் இதைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. எஸ்தவேல், கார்வினுக்கும் லான்ஸுக்கும் இடையில் இருக்கிற சின்ன ஊர். 22ஆம் தேதி போகலாம் என்று இருக்கிறேன். யாராவது முன்பே போயிருந்தால் சொல்லுங்கள். பூ வைக்கலாமா? ‘தொடாதே’ என்று எழுதியிருக்கிறதே, அதனால் கேட்கிறேன்.

---

#15 மங்கையர்க்கரசி

கல்லின் மேல் வைக்க வேண்டாம் தம்பி, காலடியில் தரையில் வையுங்கள். எங்கள் எல்லோர் சார்பாகவும் ஒரு கொத்து. அவன் அம்மா பெயரையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

---

#16 சாம்பல்நாரை

லில்வாசி, அதே பா-த-கலே மாவட்டத்தில் நவ் ஷப்பேல் இருக்கிறது. 1915 மார்ச்சில் இந்தியப் படைகள் பெருமளவில் சண்டையிட்ட இடம். அங்கே 1927இல் திறந்த இந்திய நினைவகத்தில், புதைத்த இடம் தெரியாத நாலாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் சுவரில் வெட்டியிருக்கின்றன. காரில் போகிறீர்கள் என்றால் அதே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். கார்முகில் கேட்ட சாதாரணச் சிப்பாய்கள் அங்கே பெயரோடு இருக்கிறார்கள். முடிந்தால் சுவரின் படங்களை எடுத்து இங்கே போடுங்கள்.

---

#17 லில்_வாசி

கட்டாயம் போகிறேன். காலையில் எஸ்தவேல், மதியத்துக்கு மேல் நவ் ஷப்பேல். படங்களைத் தெளிவாக, பெயர் வாசிக்கிற மாதிரி எடுத்துப் போடுகிறேன். கார்முகில், நீங்கள் தேடுகிற ரெஜிமென்ட் பெயர்கள் இருந்தால் முன்கூட்டியே அனுப்புங்கள், அந்தப் பலகைகளை முதலில் பார்க்கிறேன்.

---

#18 கார்முகில்

இன்றிரவே அனுப்புகிறேன். ஊர்க் கற்களுக்குத் தனி இழையும் தொடங்கிவிட்டேன், பழைய ஃபிட்டர் ஐயா சொன்னபடி முதல் பதில் அவருடையதாக இருக்கட்டும். உங்கள் ஊரில் அப்படிக் கல் இருந்தால் படமெடுத்து, எந்தக் கட்டடத்தின் எந்தச் சுவர் என்றும் எழுதிப் போடுங்கள்.

---

#19 தேன்மொழி_ச

கார்முகில், முதல் கல் என்னிடமிருந்து வரும். அம்மா ஊரில் ஒன்று இருக்கிறது.

அடுத்து வெலிங்கரைப் பற்றி எழுத ஆசை. பம்பாய்க்காரர். டால்ஃபின் என்ற விமானம் ஓட்டினார். ராய் தன் முதல் வெற்றியைப் பெறுவதற்கு ஆறு நாள் முன்னால் இறந்தவர், ஆங்கார் ஊரில் கல்லறை. ஐந்து விமானம் வீழ்த்தவில்லை என்பதால் அவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவருக்கென்று தனி இழை நாளை காலை போடுகிறேன். சாம்பல்நாரை ஐயா, மாலிக்கைப் பற்றி இன்னும் விவரமாக எழுதித் தாருங்கள், அதற்கும் ஓர் இடம் வேண்டும்.